அந்திக் கணக்கு: ஆனந்தரங்கப் பிள்ளையும் நம் வீட்டு மாணவரும்



பால்மரக் காலத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் நம்மிடையே இன்னும் பலர் உண்டு. விடியுமுன் பெரட்டு நடக்கும். கிராணியார் பெயர் கூப்பிடுவார். வெட்டு முடிந்து பால் ஸ்டோருக்குப் போனால் அங்கே நிறுவை. வந்தவர் எத்தனை பேர், பால் எவ்வளவு என்று அன்றைய கணக்குச் செக்ரோல் புத்தகத்தில் ஏறிவிடும். எங்கள் சுங்காய் வட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் கணக்கு நிற்கவில்லை. பாலுக்குப் பதில் குலை எண்ணப்பட்டது, அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் புத்தகத்தில் ஒரு கட்டம் மட்டும் கிடையாது. நேற்று வந்த அளவு இன்று வரவில்லையே, ஏன்? மழையா, மரமா, அல்லது நான் இட்ட உத்தரவிலேயே பிழையா? இதை எழுத அதில் இடமில்லை.

இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் வணிகமும் நிர்வாகமும் படிக்கிறார்கள். நாளைக்குப் பத்துப் பேரையோ நூறு பேரையோ வைத்து வேலை வாங்கப் போகிறவர்கள் அவர்கள். பட்டம் வாங்கிய அன்றே ஒருவர் நல்ல நிர்வாகி ஆகிவிடுவதில்லை. செய்த வேலையைத் தாமே திரும்பிப் பார்த்து, அதிலிருந்து பாடம் எடுத்துக்கொள்ளும் பழக்கத்தால்தான் அவர் வளர்கிறார். இதைச் சரித்திரத்தில் வாழ்ந்த ஒரு தமிழ் வணிகரின் கதையைக் கொண்டு இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அவர் பெயர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709ஆம் ஆண்டு சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை, வாணிகத்தின் பொருட்டுக் குடும்பத்துடன் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தார். அன்று புதுச்சேரி பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் இருந்தது. அக்கம்பெனியின் தலைமைத் தரகராக விளங்கியவர் நைனியப்பப் பிள்ளை. அவர் இக்குடும்பத்திற்கு நெருங்கிய உறவினர்.

1716இல் அந்த நைனியப்பப் பிள்ளை மீது குற்றம் சுமத்தினார்கள். கசையடி கொடுத்தார்கள், சொத்தைப் பறிமுதல் செய்தார்கள், சிறையில் அடைத்தார்கள். மறு ஆண்டு அவர் சிறையிலேயே இறந்தார். தீர்ப்புத் தவறு என்று பிறகு பிரான்சு நாட்டில் முடிவாயிற்று. ஆனால் போன உயிர் திரும்புமா? அப்போது ஆனந்தரங்கர் ஏழெட்டு வயதுச் சிறுவர். பெரிய பதவி என்பது எவ்வளவு வழுக்கலான படி என்பதை அந்தக் குடும்பம் கண்ணாரக் கண்டது.

1726இல் தந்தையும் மறைந்தார். கவர்னர் லெனுவார் இளைஞரான ஆனந்தரங்கரிடம் பரங்கிப்பேட்டைப் பண்டகசாலையின் பொறுப்பை ஒப்படைத்தார். ஆற்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் அவர் வணிகக் கிடங்குகளை ஏற்படுத்தினார். அக்காலத்தில் கம்பெனியின் முக்கியச் சரக்கு துணி. வணிகர்களுக்கு முன்பணம் கொடுக்கவேண்டும். அப்பணம் நெசவாளர்வரை சென்று, துணியாகித் திரும்பவேண்டும். வந்த துணியைத் தரம் பார்த்துப் பிரிக்கவேண்டும். கப்பல் புறப்படும் பருவத்திற்குள் மூட்டை கட்டிக் கொடுக்கவேண்டும். முன்பணம் முடங்கினாலோ, தரம் குறைந்தாலோ, நாள் தவறினாலோ நட்டம்தான். இன்றைய கல்லூரியில் நிர்வாகம் என்று எதைப் படிக்கிறார்களோ, அதை அவர் தறிமேட்டிலும் கடற்கரையிலும் படித்தார்.

1736 செப்டம்பரில் அவர் ஒரு வேலை தொடங்கினார். தாம் கண்டதையும் கேட்டதையும், கப்பல்கள் வருவதையும் போவதையும் நாள்தோறும் தமிழில் எழுதலானார். நடுவில் விட்டுப்போன நாட்கள் உண்டு. ஆயினும் 1761 ஜனவரியில் அவர் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபத்துநான்கு ஆண்டுகள், அந்த எழுத்து நீடித்தது. 1747இல் கவர்னர் டூப்ளேயின் தலைமைத் துபாஷி ஆனபின், அதாவது இரு மொழி அறிந்து கம்பெனிக்கும் நாட்டாருக்கும் இடையே நின்று காரியம் முடிப்பவர் ஆனபின், தலைக்குமேல் வேலை இருந்தது. அப்போதும் அவர் எழுதுவதை விட்டுவிடவில்லை.

நேயர்களே, அவர் என்ன எழுதினார் என்று பாருங்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைக் கைப்பற்றினார்கள். கைப்பற்றிய தளபதி லபூர்தொனே, பணம் பெற்றுக்கொண்டு நகரை ஆங்கிலேயரிடம் திருப்பிக் கொடுக்க நினைத்தார். டூப்ளே அதற்கு இணங்கவில்லை. இரண்டு மேலதிகாரிகள் முட்டிக்கொள்ளும்போது நடுவில் நிற்பவர் பாடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனந்தரங்கர், கவர்னர் கேட்டது என்ன, தாம் சொன்னது என்ன, அதைக் கேட்டு அவர் முகம் எப்படி ஆயிற்று என்பவற்றையெல்லாம் எழுதிவைக்கும் வழக்கம் உடையவர். 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட நாட்களிலும் எழுதினார். சரக்கின் விலையும், மனிதரின் குணமும், ஊர்ப் பேச்சும் அதில் ஒன்றாகக் கிடக்கின்றன.

வெறும் கணக்குப் புத்தகம் வரவையும் செலவையும் மட்டும் சொல்லும். பேச்சையும் நினைப்பையும் எழுதிவைப்பவருக்கு, இந்த மனிதர் எப்போது கோபிப்பார், எந்தச் சொல் காரியத்தைக் கெடுத்தது, எந்தச் சொல் சாதித்தது என்பது மறுமுறை வாசிக்கும்போது விளங்கும். எழுத்து என்பது நேற்றைய நம்மை இன்றைய நம் முன்னே நிறுத்தும் கண்ணாடி.

ஆனால் அந்தக் கண்ணாடியிலும் ஒரு குறை உண்டு. அதை மறைக்காமல் சொல்வதுதான் ஆசிரியர் கடமை. ஆனந்தரங்கரின் நாட்குறிப்பில் தற்புகழ்ச்சி உண்டு. டூப்ளேயின் மனைவி மீதும், பதவிக்குப் போட்டியாக வந்தவர்கள் மீதும் சினம் உண்டு. பிறர் பிழையைக் கூர்மையாகப் பார்த்த அளவுக்குத் தம் பிழையை அவர் பார்த்தார் என்று சொல்ல முடியாது.

இந்தக் குறையை நான் எனக்குள்ளேயே கண்டவன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது ஒவ்வொரு பாடத்திற்குப் பிறகும் சிந்தனை மீட்சி எழுதவேண்டும். பயிற்சிக்குப் போன ஒரு பள்ளியில் ஒரு சிறுமி தினமும் தூங்கி வழிந்தாள். “மாணவி கவனக்குறைவு” என்று நான்கு நாள் எழுதினேன். மேற்பார்வைக்கு வந்த விரிவுரையாளர் அதைப் படித்துவிட்டு, “தம்பி, பிள்ளையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இதில் உங்களைக் காணோமே?” என்று கேட்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்று மாலை அந்தப் பிள்ளையின் லயத்து வீட்டிற்குப் போனேன். அம்மா நாலு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவாராம். அப்போதே எழுந்து கைக்குழந்தைத் தம்பியைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். தூங்கியது அவள் குற்றமா? கேட்காமலே எழுதியது என் குற்றம். நான் ஆசிரியனாக வளர்ந்தது அன்றைக்குத்தான்.

இதையே உலக அறிஞர்களும் ஆராய்ந்து சொன்னார்கள். அமெரிக்க நாட்டுத் தத்துவ அறிஞர் ஜான் டூயி, 1910இல் வெளியிட்ட நூலில், நம்பிய ஒன்றை ஆதாரத்தோடு மறுபடி சீர்தூக்கிப் பார்ப்பதே உண்மையான சிந்தனை என்று விளக்கினார். 1983இல் டொனால்டு ஷோன் என்பவர் கட்டடக் கலைஞர், பொறியாளர், நிர்வாகிகள் முதலியோர் வேலை செய்யும் விதத்தை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். தேர்ந்தவர்கள் வேலையின் நடுவிலேயே தங்களை நிறுத்திக் கேள்வி கேட்டுக்கொள்கிறார்கள் என்பது அவர் முடிவு. அதன் பிறகு ஆசிரியர், தாதியர் பயிற்சியைப் போலவே வணிகக் கல்வியிலும் சிந்தனைக் குறிப்பு எழுதும் முறை பரவிற்று. வேலைப் பயிற்சிக்குப் போகும் மாணவரிடம் குறிப்பேடு கேட்பது இதற்காகத்தான். அதைக் கடைசி நாள் இரவில் உட்கார்ந்து ஒரே மூச்சாக நிரப்பிக் கொடுப்பவர், தாளைத்தான் நிரப்புகிறார்.

பால் வெட்டிய நம் பெற்றோருக்கு இது புதிதா? கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும், புதுப்பட்டை மேடுபள்ளமாக வளரும். அந்தத் தழும்பைப் பார்த்துத்தான் மறுநாள் கையைத் திருத்திக்கொண்டார்கள். மரத்தைக் குறை சொல்லவில்லை.

நம் பேராக் மண்ணில் நடந்த ஒன்றையும் எண்ணிப் பாருங்கள். 1950களில் வெள்ளைக்காரர் தோட்டங்கள் விற்கப்பட்டுத் துண்டு துண்டாயின. வேலையும் வீடும் போய்த் தொழிலாளர் தவித்தார்கள். அப்போது சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார். மாதம் பத்து வெள்ளி சேர்த்தால் நாமே தோட்டம் வாங்கலாம் என்றார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் தொடங்கிப் பல தோட்டங்களை அது வாங்கியது. பெரட்டில் நின்றவர் பங்குதாரர் ஆனார். கூட்டுறவில் ஆண்டுக்கொருமுறை பேரவை கூடிக் கணக்கைக் கேட்கும். நிர்வாகம் பதில் சொல்லவேண்டும். அதுவும் ஒரு திரும்பிப் பார்த்தல்தானே? சங்கம் ஆண்டுக்கொருமுறை செய்வதை மனிதர் அந்திதோறும் செய்தால் பிழை சிறிதாக இருக்கும்போதே தெரியும்.

ஆகவே பெற்றோர்களே, கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். மூன்று கேள்விக்கு விடை எழுதச் சொல்லுங்கள். இன்று என்ன நடந்தது? அதில் என் பங்கு என்ன? நாளை எதை மாற்றிச் செய்வேன்? இரண்டாவது கேள்விதான் கடினம். அதைத் தாண்டிப் போய்விட்டால் மற்ற இரண்டும் வீண்.

ஆனந்தரங்கர் மறைந்து சில நாளில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அவர் பதவி 1756இலேயே போயிற்று. அவருடைய எழுத்து 1846இல் கலுவா மோன்பிரோன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டு, பின்னர் 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்தது. நம் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் அச்சேற வேண்டாம். ஆனால் நாளைக்கு அவர்கள் கையின்கீழ் வேலை செய்யப்போகிறவர்களும் நம்மைப்போன்ற ஒரு தாயின், ஒரு தந்தையின் பிள்ளைகளே. அவர்களை அதட்டுமுன் ஒரு கணம் தன்னைக் கேட்டுக்கொள்ளும் நிர்வாகி நம் லயத்திலிருந்து எழுந்தால், பெரட்டில் நின்ற நம் முன்னோர் பட்ட பாட்டுக்கு அதுவே பதில்.