விஸ்கி மேசையும் ரம் மேசையும்

எங்கள் குடும்பக் கல்யாண விருந்துகளில் இரண்டு மேசைகள் உண்டு. மேடைக்குப் பக்கத்தில் இருப்பது விஸ்கி மேசை. அங்கே மாமா, அவருடைய கூட்டாளிகள், சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள். மற்றது மண்டபத்துக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்தில். ஏதாவது ஒரு காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் குவளையோடு நிற்பவர்கள் ரம் ஆட்கள். அதை மேசை என்று நான் சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்காகத்தான்.

மாமாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு நான் ஒரு ஜமைக்கா ரம் வாங்கிப் போனேன். அவருடைய கண்ணாடி அலமாரியில் நடுநாயகமாக நிற்கும் 12 வருட ஸ்காட்ச்சைவிட விலை கூடுதல். போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரம்மா வாங்கியாந்த? இது லாரிக்காரனுங்க குடிக்கிறதுடா. எவனோ ஒன் தலையில நல்லா கட்டிட்டான்."

விலையைச் சொல்லியும் அவர் நம்பவில்லை. விஸ்கி மேலே, ரம் கீழே. இந்தப் படிக்கட்டை யார் கட்டினார்கள் என்று தேடப் போனதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அடிப்படை. விஸ்கி தானியத்தில் பிறப்பது: பார்லி, சோளம், ரை, கோதுமை. ரம் கரும்பில் பிறப்பது. பெரும்பாலும் கரும்பில்கூட இல்லை, ஆலையில் சீனியை எடுத்த பிறகு மிஞ்சும் கறுத்த கழிவுப்பாகில். இரண்டையும் நொதிக்கவிட்டு, காய்ச்சி வடித்து, ஓக் மரப் பீப்பாயில் போட்டு வைக்கிறார்கள். வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். மூலப்பொருள் வேறு. இந்த எளிய இலக்கணத்தையும் இந்தியா குழப்பிவிட்டது. அங்கே விற்கும் மலிவான 'விஸ்கி'களில் பெரும்பகுதிக்கு அடித்தளம் கழிவுப்பாகிலிருந்து வடித்த எரிசாராயம். அதில் கொஞ்சம் மால்ட் கலப்பார்கள், மணமும் நிறமும் சேர்ப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி அதை விஸ்கி என்று விற்க முடியாது. ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர் பெட்டியில் துணி சுற்றிக் கொண்டுவரும் 'விஸ்கி' பல நேரம் பெயர் மாற்றிக்கொண்ட கரும்புதான். மாமா அந்தப் போத்தலையும் அலமாரியில் வைத்திருக்கிறார், ரம்முக்கு இடமில்லாத அதே அலமாரியில்.

விஸ்கியும் பிறக்கும்போதே கனவானாகப் பிறக்கவில்லை. ஸ்காட்லாந்து மலைகளில் அது வரிக்குப் பயந்து ஒளித்துக் காய்ச்சிய சரக்கு. 1823இல் சட்டம் மாறி, உரிமம் எடுப்பது கட்டுப்படியாகும் என்ற நிலை வந்த பிறகுதான் பலர் வெளிச்சத்துக்கு வந்தார்கள். 1830இல் ஏனியஸ் காஃபி என்ற அயர்லாந்துக்காரர் நிற்காமல் வடிக்கும் கோபுர வடிகலனுக்குக் காப்புரிமை பெற்றார். சுவாரசியம் என்னவென்றால், அவர் அதற்கு முன் கள்ளச்சாராயக்காரர்களை விரட்டிய வரி அதிகாரி. அவருடைய கலனில் தானியச் சாராயம் மலிவாகவும் மென்மையாகவும் வந்தது. அதை முரட்டு மால்ட்டோடு கலந்தார்கள். கலவை விஸ்கி அப்படி வந்ததுதான்.

அடுத்து ஒரு பூச்சி உதவிக்கு வந்தது. 1860களிலிருந்து ஃபிலாக்செரா என்ற சிறுபூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை வேரோடு தின்றது. லண்டன் கனவான்களின் மேசையில் பிராந்திக்குத் தட்டுப்பாடு. காலியான இடத்தில் விஸ்கி உட்கார்ந்துகொண்டது. அப்புறம்தான் "விஸ்கி என்றால் என்ன?" என்று கேள்வி வந்தது. 1905இல் லண்டனின் இஸ்லிங்டன் வட்டார மன்றம், தானியச் சாராயத்தை விஸ்கி என்று விற்றதாகக் கடைக்காரர்கள் மீது வழக்குப் போட்டது. விஷயம் அரச விசாரணை ஆணையம் வரை போனது. 1909இல் ஆணையம் காஃபி கலனில் வடித்ததும் விஸ்கிதான் என்று முடித்து வைத்தது.

பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு என்ற புகழ்பெற்ற விதி எப்படி வந்தது தெரியுமா? ருசிக்காக இல்லை. முதல் உலகப் போரில் ஆயுத ஆலைத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலைக்கு வராமல் போவது லாயிட் ஜார்ஜுக்குப் பெரிய தலைவலி. இளஞ்சாராயம் சந்தைக்கு வராமல் தடுக்க 1915இல் சட்டம் வந்தது. முதலில் இரண்டு ஆண்டு, அடுத்த ஆண்டு மூன்று. குடியைக் குறைக்கக் கொண்டுவந்த விதி, குடியின் தர முத்திரையாகிவிட்டது.

ரம்முக்கு இப்படி ஒரே ஒரு விதி கடைசிவரை அமையவில்லை. தீவுக்குத் தீவு சட்டம் வேறு. பார்படோசும் ஜமைக்காவும் சீனி சேர்க்க விடுவதில்லை. வேறு பல நாட்டு ரம்களில் தாராளமாகச் சேர்க்கிறார்கள். அதனால் 'ரம்' என்ற ஒரே சொல்லின் கீழ் தேன்பாகு மாதிரியான ஒன்றும், மூக்கை உடைக்கும் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. வாங்குபவனுக்கு எதை நம்புவது என்று தெரியாது. விலையும் ஏறாது.

ஆனால் ரம்மின் தாழ்ந்த நிலைக்கு இது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் அதைக் குடித்தவர்கள் யார் என்பது. 17ஆம் நூற்றாண்டு பார்படோசில் அதற்கு 'கில் டெவில்' என்று பேர், நம் மொழியில் பேய்க்கொல்லி. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த அடிமைகள் வெட்டிய கரும்பின் கழிவு அது. அதே ரம்மைக் கொடுத்து மேலும் அடிமைகளை வாங்கினார்கள். 1655இல் ஜமைக்காவைப் பிடித்த பிறகு பிரிட்டிஷ் கடற்படையும் மாலுமிகளுக்கு ரம் அளக்க ஆரம்பித்தது. 1740இல் அட்மிரல் வெர்னன் அதில் தண்ணீர் கலக்க உத்தரவிட்டார். தினப்படி ரம் 1970 ஜூலை 31இல்தான் நின்றது. அடிமை, மாலுமி, கூலி. இவர்கள் கையில் இருந்த குவளைக்கு கனவான் மேசையில் எப்படி இடம் கிடைக்கும்?

இந்த வரிசையில் நாமும் இருக்கிறோம். அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1834 முதல் மொரிஷியஸ், 1838 முதல் பிரிட்டிஷ் கயானா, 1860 முதல் நேட்டால் என்று இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். அவர்களில் கணிசமானோர் தமிழர். மலாயாத் தமிழர் கதை என்றாலே நமக்குப் பால்மரம்தான் ஞாபகம் வரும். ரப்பருக்கு முன்னால் இங்கேயும் கரும்புதான். புரோவின்ஸ் வெல்லஸ்லி என்ற இன்றைய செபராங் பிறையில், 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கரும்பு வெட்டினார்கள். அந்த ஆலைகளில் சீனியோடு ரம்மும் வடிந்தது. நிபோங் தெபாலில் பெரிய கரும்புத் தோட்டம் ஒன்றின் பெயர் கலிடோனியா. 99 கதவு மாளிகை என்று இன்றைய பிள்ளைகள் பேய்ப்படம் எடுக்கப் போகிறார்களே, அந்த இடம்தான். கலிடோனியா என்பது ரோமானியர்கள் ஸ்காட்லாந்துக்கு வைத்த பெயர். நம்மாட்கள் கரும்பு வெட்டிய தோட்டத்துக்குப் பெயர் ஸ்காட்லாந்து! இதை மாமாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "சரி, ருசிக்கு வா" என்றார்.

ருசிக்கு வந்தோம். ஒரு சனிக்கிழமை மாலை, பார்படோஸ் ரம் ஒன்று, அவருடைய ஸ்காட்ச், ஊரிலிருந்து வந்த இந்திய விஸ்கி. மூன்று சிறு குவளைகள், போத்தல்கள் அடுப்படியில். மாமா முகர்ந்தார், உறிஞ்சினார், கொஞ்சம் தண்ணீர் விட்டு மறுபடியும் உறிஞ்சினார். பார்படோஸ் ரம்மைத் தொட்டு, "இதான் ஸ்காட்ச்" என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அமெரிக்க போர்பன் விஸ்கியைப் புதிய, உள்ளே கருக்கிய ஓக் பீப்பாயில்தான் ஊற வைக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஒருமுறை போர்பனுக்குப் பயன்பட்ட பீப்பாய் அதற்கு மறுபடி உதவாது. அவை ஸ்காட்லாந்துக்கும் போகின்றன, கரீபியனுக்கும் போகின்றன. 'வெண்ணிலா வாசம், தேங்காய் வாசம், லேசான இனிப்பு' என்று மாமா புகழ்வதில் பெரும்பங்கு அந்த மரத்தினுடையது. அது இரண்டுக்கும் பொது. வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் ஓரங்களுக்குப் போக வேண்டும். ஐலே தீவின் விஸ்கியில் கரிநிலப் புகை, பழைய ஆஸ்பத்திரி மருந்து வாடை. ஜமைக்கா ரம்மில் கனிந்து வெடிக்கப்போகும் வாழைப்பழமும் அன்னாசியும், அடியில் லேசான அழுகல். நான் பிறந்தநாளுக்குக் கொடுத்தது அந்த ரகம். தப்பான போத்தலைத்தான் தேர்ந்தெடுத்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

போத்தலில் உள்ள வயதும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. பீப்பாயிலிருந்து வருடாவருடம் கொஞ்சம் ஆவியாகும். தேவதைகளின் பங்கு என்பார்கள். ஸ்காட்லாந்தின் குளிரில் அது ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு. பெங்களூரில் சுமார் 10. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12 ஆண்டுக்குப் பிறகு ஸ்காட்லாந்தில் 100 லிட்டருக்கு 78 மிஞ்சும், பெங்களூரில் 28தான். வெயிலில் மரத்தின் சாறும் வேகமாக இறங்கும். அதனால் வெப்ப நாட்டுச் சரக்கின் ஐந்து வயது, குளிர் நாட்டின் ஐந்து வயதல்ல. பெங்களூரின் அம்ருத் 2004இல் தன் சிங்கிள் மால்ட்டைக் கிளாஸ்கோவிலேயே போய் இறக்கியது, நிஜமான பார்லியில் வடித்தது. 2015இல் தைவானின் கவலான் உலகின் சிறந்த சிங்கிள் மால்ட் விருதை வாங்கியது. இரண்டுமே 12 வயது வரை காத்திருந்து பேர் வாங்கியவையல்ல.

விலை? சிங்கப்பூரில் மதுவரி, கலப்பற்ற ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி. 40 விழுக்காடுள்ள 700 மில்லிப் போத்தலில் இருப்பது 0.28 லிட்டர். ஆக வரி 24 வெள்ளி 64 காசு, அதற்கு மேல் பொருள் சேவை வரி. போத்தலுக்குள் மட்டமான ரம் இருந்தாலும் 18 வருட ஸ்காட்ச் இருந்தாலும் இதே தொகை. மலேசியாவும் 2016 மார்ச்சிலிருந்து ஆல்கஹால் அளவை வைத்துத்தான் வரி போடுகிறது. பணக்காரனின் போத்தலில் வரி ஒரு சின்னத் துண்டு. ஏழையின் போத்தலில் வரிதான் போத்தல். மாமாவுக்கு லங்காவி இருக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை போய்வருவார். அந்த கார் நிறுத்துமிட ஆட்களில் எத்தனை பேர் லங்காவி போவார்கள்?

வரி கட்டாத சரக்கு அங்கேதான் நுழைகிறது. தோட்டங்களில் முதலில் கள்ளு. சம்பளம் கொடுத்த கை கள்ளுக்கடை வழியாக அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 1941 கிள்ளான் வேலைநிறுத்தக்காரர்களின் கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. 1947இல் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளை மறித்து நின்றார்கள். கள்ளுக்கு அடுத்து சம்சு. எரிசாராயத்தில் மணமும் நிறமும் கலந்து, சட்டைப் பையில் அடங்கும் சின்னப் போத்தலில், சில வெள்ளிக்கு. 2017 டிசம்பரிலிருந்து அந்த ரகத்தை 700 மில்லிக்குக் குறைவான போத்தலில் விற்கக் கூடாது என்று விதி வந்தது. அடுத்த ஆண்டே, 2018 செப்டம்பரில், சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்துப் பல பத்துப் பேர் செத்தார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நிறையப் பேர். அந்தப் போத்தல்களில் ஒட்டியிருந்த பெயர்களில் விஸ்கியும் உண்டு.

மெத்தனாலை நாக்கு கண்டுபிடிக்காது. ருசியும் போதையும் சாதாரணச் சாராயம் மாதிரியே இருக்கும். பல மணி நேரம் கழித்து, உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றிய பிறகுதான் பார்வை மங்கும். இதில் கொடுமையான விஷயம், அதற்குரிய மாற்று மருந்துகளில் ஒன்று நல்ல சாராயம்தான். எத்தனாலைக் கொடுத்தால் அந்த மாற்றம் தள்ளிப்போகும், அதற்குள் ரத்தத்தைச் சுத்திகரிக்கலாம்.

நான் இதை மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் மூன்றாவது குவளையைத் தொடவில்லை. "எங்க சித்தப்பாவுக்கு அப்படித்தான்டா கண்ணு போச்சு" என்றார். சின்னத் தாத்தா பார்வையில்லாதவர் என்பது தெரியும். 'காய்ச்சல்ல போச்சு' என்றுதான் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். தோட்டத்தில் ஒரு சம்பள நாள், சம்சு. மறுநாள் காலையில் எழுந்து, "ஏன் இன்னும் வெளக்கு ஏத்தல?" என்று கேட்டாராம். மாமாவுக்கு அப்போது பத்து வயது. பதில் சொன்னது அவர்தான்.

அன்றிரவு கிளம்பும்போது பின்வாசலில் மாமா குந்தியிருந்தார். பழைய சாமான்காரருக்குப் போட வைத்திருந்த காலிப் போத்தல்களை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, விளிம்பு தேய்ந்த ஒரு கத்தியால் லேபிள்களைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக, எழுத்து மிஞ்சாமல். பத்து வருடமாக அவர் அப்படிச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். சுத்தக்காரர் என்று நினைத்திருந்தேன்.

"நல்ல பேரு ஒட்டுன காலிப் போத்தல் எங்க போய் நெறயும்னு நமக்குத் தெரியாது" என்றார். "அந்த ஜமைக்கா போத்தல் முடிஞ்சா அதையும் கொண்டா."