நெஞ்சினுள் ஒரு வானலை

1958 ஒக்டோபர் 8ஆம் திகதி ஸ்டொக்ஹோம் நகரின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில், 43 வயதினரான ஆர்னே லார்சனின் உடலுள், இருதயத் துடிப்பை ஒழுங்குசெய்யும் மின்கருவியொன்று வைத்துத் தைக்கப்பட்டது. சத்திரசிகிச்சை செய்தவர் ஓகே செனிங். கருவியை ஆக்கியவர் ரூனே எல்ம்குவிஸ்ட் என்னும் பொறியியலாளர். இரண்டு திரான்சிஸ்டர்களும் மின்கலமும் கொண்ட அதனைப் பிசினில் வார்த்தெடுக்க அச்சாக உதவியது, சப்பாத்து மினுக்கும் களிம்படைத்த தகரப்பேணி! சில மணி நேரத்தில் அது செயலிழந்தது. ஆயினும் லார்சன் வாழ்ந்தார். 26 கருவிகளை மாற்றி, செனிங்கும் எல்ம்குவிஸ்டும் மறைந்த பின்னர், 2001இல் தமது 86ஆவது வயதில் காலமானார்.

நாம் இங்கு கருதவேண்டியது வேறொன்று. அம்முதற் கருவியின் மின்கலம், தோலுக்கு வெளியே வைத்த கம்பிச் சுருளிலிருந்து தூண்டல் முறையால் மின்னேற்றம் பெற்றது. உடலுட் புகும் கம்பியில்லா வழி அன்றே திறந்துவிட்டது. அன்று அவ்வழியே சென்றது மின்சக்தி மட்டுமே. பின்னர் கட்டளைகளும் சென்றன. மார்பைக் கீறாமலே மருத்துவர் துடிப்பின் வேகத்தை மாற்ற முடிந்தது பெரும் பேறுதான். ஆனால் மருத்துவருக்குத் திறக்கும் கதவு மற்றவர்க்கும் திறக்குமன்றோ?

2008இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர் இதனைச் சோதித்தனர். ஆய்வுகூடத்தில் வைத்த இருதய அதிர்ச்சிக் கருவியொன்றின் வானலைகளை ஒட்டுக்கேட்டு, நோயாளிபற்றிய விவரங்களைப் படித்தனர். சிகிச்சையை நிறுத்தவும், வேண்டாத அதிர்ச்சியைக் கொடுக்கவும் அவர்களால் முடிந்தது. அருகிலிருந்தே இதனைச் செய்தனர் என்பதையும் சொல்லவேண்டும்.

இதற்கு ஓராண்டு முன்னரே, 2007இல், அமெரிக்க உப ஜனாதிபதி டிக் சேனி தமது கருவியின் கம்பியில்லாத் தொடர்பைத் துண்டித்துக்கொண்டார். உலகம் அதனை அறிந்தது 2013இல். சாதாரண மக்களின் நெஞ்சங்களுக்கோ இத்தகைய காவல் எளிதிற் கிட்டவில்லை. 2017 ஓகஸ்டிலேதான், ஒரு நிறுவனத்தின் கருவிகளைத் தாங்கிய ஏறத்தாழ 465,000 அமெரிக்கர், மென்பொருட் திருத்தத்துக்காக மருத்துவரிடம் வருமாறு அழைக்கப்பட்டனர். அவருள் எவருக்கும் தீங்கு நேர்ந்ததாக அன்று அறிக்கை இல்லை. எனினும் தன் இருதயத்தை இயக்கும் கட்டளைகளைப் படித்துப்பார்க்கும் உரிமை நோயாளிக்கு இல்லாதிருப்பதை நாம் நியாயமென்று ஏற்கமாட்டோம்.

இனி வரவிருப்பன கண்ணுக்குப் புலப்படா நுண்கருவிகள். 1959இலேயே ரிச்சர்ட் பெயின்மன், விழுங்கத்தக்க சத்திரவைத்தியரைப்பற்றிப் பேசினார். இன்றும் அவை பெரும்பாலும் ஆய்வுகூடங்களிலேயே உள்ளன. கருவி சிறுக்கச் சிறுக்க அதன் மின்சக்தியும் சிறுக்கும். இரகசியக் குறியீட்டுப் பூட்டுக்கோ மின்சக்தி வேண்டும். பூட்டு வலுத்தாலும் இடருண்டு: நினைவிழந்து அயலூர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் நோயாளியின் திறவுகோல், அவ்வேளையில் அங்குள்ள வைத்தியரின் கையில் இருக்கவேண்டும்.