கள்ளுக்கடையைத் திறந்தது யாரு?

பிளர் என்ற பிரிட்டிஷ் கிட்டார் குழு 1994இல் வெளியிட்ட ஆல்பம் 'பார்க்லைஃப்'. அதில் டிரேசி ஜாக்ஸ் என்று ஒரு அரசாங்க உத்தியோகத்தர் வருவார். ஒழுங்கான மனுசன். ஒருநாள் கடற்கரைக்குப் போய் உடுப்பைக் கழற்றிப்போட்டு ஓடுவார், பிறகு தன் வீட்டையே இடித்துத் தள்ளுவார். கேட்கும்போது சிரிப்பு வரும். சிரித்து முடிந்த பிறகு, இந்த ஆளை இப்படி ஆக்கினது எது என்ற கேள்வி மிஞ்சும்.

கிட்டாரை வைத்துக்கொண்டு ஊரைக் கிண்டல் பண்ணும் வேலையை நம்ம நாட்டுத் தமிழர்கள் அதுக்கு இருபது வருசத்துக்கு முந்தியே செய்துவிட்டார்கள். உரும்பிராய் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடிய பொப், அதாவது துள்ளிசை. போர்த்துக்கேயர் காலத்திலிருந்து வந்த பைலாத் தாளம், அதுக்கு மேல வீட்டில் பேசுற தமிழ். நித்தியின் 'சின்ன மாமியே' அப்படித்தான் பட்டிதொட்டியெல்லாம் போனது. அவருடைய இன்னொரு பாட்டு 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே'. குடிக்காதே என்று சொல்லும் அந்தப் பாட்டுக்கு, கல்யாண வீட்டில் முதலில் எழும்பி ஆடுறது குடித்தவங்கதான்!

நல்ல பாட்டு. ஆனா எல்கடுவ மாதிரி ஒரு தோட்டத்து ஊரில் இருந்து கேட்டால் ஒரு இடம் உறுத்தும். பாட்டு குடிக்கிறவனிடம் பேசுது. கடையைத் திறந்தவனிடம் பேசல. பிரிட்டிஷ் அரசு சாராயம் விற்கும் உரிமையை ஏலம்விட்டு வருமானம் எடுத்தது. கோப்பிக் காலத்திலேயே தோட்டங்களைச் சுற்றிச் சாராயக் கடைகள் பெருகின. ஏலம் எடுத்த குத்தகைக்காரர்களில் சிலர் அந்தக் காசிலேயே தோட்டமும் வாங்கினார்கள். தொழிலாளியின் சம்பளம் போய்ச் சேர்ந்த இடம் அது.

இந்த மேல்பக்கத்தைப் பார்த்துச் சிரிக்கும் பாட்டு லயத்தில் ஏற்கெனவே இருந்தது. அரைப்பேர் போடுற கங்காணியையும், பிரட்டுக்களத்தில் சத்தம் போடுற துரையையும் கேலி பண்ணும் பாட்டுகள். மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை தேடித்தேடிச் சேர்த்ததால்தான் அதில் கொஞ்சமாவது நமக்குக் கிடைத்தது. கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளர் நிலையைப் பாட்டாக எழுதி, கூட்டங்களில் தானே பாடி, 1940இல் சிறு புத்தகமாகவும் போட்டார். அதில் பகிடி குறைவு, கோபம் அதிகம்.

துள்ளிசை உச்சத்தில் இருந்த எழுபதுகளில்தான் 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் மலையகத்து ஆட்கள் தலைமன்னாருக்கு ரயில் ஏறிக்கொண்டிருந்தார்கள். முதல் ஒப்பந்தக் கணக்கில் மட்டும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. ஒரே லயத்துக் குடும்பத்தைக்கூட அந்தக் கணக்கு இரண்டாகப் பிரித்தது. தங்கச்சி இங்க, அண்ணன் மண்டபம் கேம்பில். கங்காணியைக் கேலி பண்ணிய பாட்டுகளில் எத்தனையோ, பாடத் தெரிந்த கிழவிகளோடு அந்த ரயிலில் போயிருக்கும்.