நம்பியாரூரர் நாட்டில் ஒரு வலம்

பெண்ணையாறும் கெடிலமும் பாய்ந்து வளஞ்செய்யும் நடுநாட்டுப் பகுதியைப் பண்டையோர் திருமுனைப்பாடி நாடு என வழங்கினர். ஆங்கிலேயர் ஆட்சியில் அது தென்னார்க்காடு மாவட்டத்துள் அடங்கியது. 1993இல் விழுப்புரம் மாவட்டமும், 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டமும் பிரிந்தபின், அப்பழைய நாடு கடலூரோடு மூன்று மாவட்டங்களிற் பரவிக் கிடக்கின்றது. எல்லைக் கற்கள் இடம் மாறினும் நாட்டின் பெருமை மாறவில்லை. திருவாமூரில் திருநாவுக்கரசரும், திருநாவலூரில் நம்பியாரூரராகிய சுந்தரமூர்த்தி சுவாமிகளும் தோன்றுதற்கு இடமாயிருந்த அந்நாட்டின் சிறப்பைச் சொல்லி முடித்தல் அரிதெனச் சேக்கிழார் பெருமான் வியந்தருளினார்.

சுந்தரர் அருளிய 100 திருப்பதிகங்கள் ஏழாம் திருமுறையாக நமக்குக் கிடைத்துள்ளன. அவை 17 பண்களில் அமைந்தவை. அவற்றுள் செந்துருத்தி என்னும் பண்ணைத் தேவாரம் முழுவதிலும் அவர் திருவாக்கிலன்றி வேறெங்கும் காண்டல் இயலாது. இத்தகைய இசைப்பெரியார் பிறந்து, வளர்ந்து, முதன்முதல் வாய் திறந்து பாடிய மண்ணை இன்று திண்டிவனத்திலிருந்து காரில் புறப்படும் அன்பர் ஒருவர் காலை தொடங்கி மாலைக்குள் வலம் வந்துவிடலாம். ஆயின் அவ்வலத்தில் காணற்பாலது யாது, கேட்கற்பாலது யாது என்பதை முன்னரே உணர்ந்து செல்வோர்க்கே அது பயன்தரும்.

புளியமரக் காடாக இருந்ததனால் பெயர்பெற்ற திண்டிவனத்தில் திந்திரிணீசுவரரை வணங்கி மேற்கே செஞ்சி சென்று, அங்கிருந்து தெற்கே விழுப்புரம் நோக்கித் திரும்பின், அச்சாலையினின்று பிரியும் கிளைவழிகளில் இரண்டு பல்லவர் கோயில்கள் உள்ளன. ஒன்று மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றி அமைத்த கோயில் இது என்று மகேந்திரவர்மன் அங்குக் கல்லில் வெட்டுவித்தான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயில் என்றாலே செங்கல்லும் மரமும் சுதையுமே என்பதை அக்கல்வெட்டு மறைமுகமாகத் தெரிவிக்கின்றது. மற்றொன்று, ஏரிக்கரைக் குன்றின்மேல் இராசசிம்மன் எழுப்பிய பனைமலைக் கோயில். அங்கே இறைவனது ஆடலை நோக்கி நிற்கும் அம்மையின் வண்ண ஓவியம், பழுதுற்ற நிலையிலும், கண்டாரைப் பிணிக்கும்.

திருத்தொண்டத்தொகையில் சுந்தரர் கழற்சிங்கன் என்னும் காடவர்கோனைத் தம் காலத்தில் உலகு காக்கும் வேந்தனாகப் போற்றுகின்றார். அவன் பனைமலை எடுத்த இராசசிம்மனே என்பர் ஒருசாரார். ஒன்பதாம் நூற்றாண்டின் மூன்றாம் நந்திவர்மன் என்பர் மற்றொரு சாரார். எங்ஙனமாயினும், சுந்தரர் பாடிய நாளில் இந்நாட்டுத் திருக்கோயில்களுட் பெரும்பாலன கற்றளிகள் ஆகவில்லை. இன்று நாம் அங்குக் காணும் கருவறைகளும் மண்டபங்களும் பெரும்பாலும் சோழர் காலத்தும் அதன் பின்னரும் எழுந்தவை. கல் பின்னர் வந்தது. பாட்டு முன்னரே வந்து நின்றது. இவ்வுண்மையை மனத்திற் கொண்டு மேலே செல்லுதல் வேண்டும்.

விழுப்புரத்தை அணுகும்போது, பம்பையாற்றங்கரையில் திருவாமாத்தூர் உள்ளது. பசுக்கள் வழிபட்டுக் கொம்பு பெற்றன என்னும் வரலாறுடைய இத்தலத்தில் அபிராமேசுவரர் கோயிலும் முத்தாம்பிகை கோயிலும் எதிரெதிரே அமைந்துள்ளன. தேவாரம் அருளிய மூவரும் பாடிய இத்தலத்துச் சோழர் காலக் கல்வெட்டொன்று, படிப்பவர் நெஞ்சை உருக்குவதாகும். திருமுன்னர்த் திருப்பதியம் பாடுதற்குக் கண்ணிலார் பதினாறு பேரும், அவர்களுக்கு வழிகாட்டுதற்குக் கண்ணுடையார் இருவரும் அமர்த்தப்பெற்றமையை அது கூறுகின்றது. ஏட்டைப் பார்த்துப் படிக்க இயலாதார்க்கு நெஞ்சமே ஏடாயிற்று. அறக்கட்டளை வைத்தவர், பாடுவார்க்கு மட்டும் படி அளந்து நிறுத்திவிடவில்லை. அவர்கள் இடறாமல் சந்நிதி வந்து சேரவேண்டுமே என்று எண்ணி, வழிகாட்டுவார்க்கும் வாழ்வு வைத்தார். பிற்காலத்தே, கண்ணிலார் ஒருவரும் காலிலார் ஒருவருமாகிய இரட்டைப்புலவர் கலம்பகம் பாடியதும் இத்தலத்தின்மீதே என்பது நினைந்து இன்புறத்தக்கது.

விழுப்புரம் கடந்து, திருச்சி நெடுஞ்சாலையிற் பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டி, அரசூரில் மேற்கே திரும்பினால் திருவெண்ணெய்நல்லூர். கம்பரைப் புரந்த சடையப்ப வள்ளலின் ஊர் இது. சிவஞானபோதப் பன்னிரு சூத்திரங்களை உலகிற்கு அளித்த மெய்கண்டதேவர் விளங்கிய ஊரும் இதுவே. இவற்றுக்கெல்லாம் முன்னரே, நம்பியாரூரரை இறைவன் வழக்கிட்டு ஆட்கொண்ட அருட்டுறை இது. அருகிலுள்ள புத்தூரில் மணக்கோலத்தில் இருந்தவரை, முதிய வேதியராய் வந்து தம் அடிமை என்றார் பெருமான். ஆரூரர் சினந்து அவரைப் பித்தர் என இகழ்ந்து, அவர் காட்டிய ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். கிழிந்தது படியோலையே, மூலவோலை திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் நீட்டப்பெற்றது.

அச்சபையின் நடைமுறையைச் சேக்கிழார் விரித்துரைக்கும் பகுதி, தமிழ்நாட்டு நீதிமுறையின் வரலாறாகவும் அமைந்துள்ளது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூவகைச் சான்றுகளுள் ஒன்றேனும் வேண்டும் என்றனர் சபையார். ஓலையிலிருந்த கையெழுத்தைப் பாட்டனார் எழுதிக் காப்பில் இருந்த வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். இரண்டும் ஒத்திருக்கவே, அரசரால் மகவெனப் பேணி வளர்க்கப்பெற்றவர் என்றும் பாராது, ஆரூரர் தோற்றார் எனத் தீர்ப்பளித்தனர். வென்ற வேதியர் திருவருட்டுறையுட் புகுந்து மறைந்தார். தன்னை இகழ்ந்த சொல்லையே முதலாக வைத்துப் பாடுக என இறைவன் பணிக்க, இந்தளப் பண்ணில் முதற் பதிகம் பிறந்தது. வழக்குத் தீர்த்த மண்டபம் என்று ஒன்றை இன்றும் அவ்வூரார் அன்பர்க்குக் காட்டுவர்.

திருவெண்ணெய்நல்லூரை அடுத்த கிராமம் என்னும் ஊரே தேவாரத் திருமுண்டீச்சரம். அங்கே கற்றளி எழுப்பியவன் வெள்ளன் குமரன் என்னும் சேரநாட்டுப் படைத்தலைவன். முதற் பராந்தக சோழன் மகன் இராசாதித்தனிடம் பணிசெய்தவன். அவ்விளவரசன் தன் படையோடு இத்திருமுனைப்பாடியில் பல்லாண்டு தங்கினான். அதனால் திருநாவலூர்க்கு இராசாதித்தபுரம் என்ற பெயரும் வழங்கியது. 949இல் தக்கோலப் போரில் யானைமேலிருந்தவாறே அவன் உயிர்நீத்தான். சேரமான் பெருமாளின் ஆருயிர்த் தோழராய் விளங்கிய சுந்தரரது நாட்டில், பின்னொரு நாள் சேரநாட்டு வீரன் ஒருவனே சிவனுக்குக் கல்லிற் கோயில் எடுத்தது அந்நட்பின் தொடர்ச்சி போலத் தோன்றுகின்றது.

மீண்டும் நெடுஞ்சாலையை அடைந்து தெற்கே சென்றால் கெடிலக்கரைத் திருநாவலூரை எய்தலாம். திருத்தொண்டீச்சரம் எனப்பெறும் இக்கோயிலுள்ள ஊரில், ஆதிசைவ மரபிற் சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் மகவாய்ச் சுந்தரர் தோன்றினார். வீதியில் விளையாடிய குழந்தையைக் கண்டு காதலித்து, இரந்து பெற்று வளர்த்தவர் நரசிங்கமுனையரையர். புலவர் பலருடைய பிறப்பிடமும் பெற்றோரும் ஆராய்ச்சிக்கு உரியனவாயிருக்க, சுந்தரரோ தம் ஊரையும், தந்தை தாயரையும், வளர்த்த அரசரையும் தம் பதிகங்களிலேயே பதித்து வைத்தார். நட்டராகத்தில் அமைந்த திருநாவலூர்ப் பதிகத்தில், வெண்ணெய்நல்லூரில் ஆளாக்கப்பெற்றதையும் அவரே நன்றியொடு நினைவுகூர்கின்றார். கல்வெட்டுக்கும் முற்பட்ட வரலாற்று ஆவணம் இது.

கிழக்கே பண்ணுருட்டிப் பக்கம் திருத்துறையூர் உள்ளது. தவநெறி வேண்டித் தக்கராகப் பண்ணில் அவர் பாடியது அங்கேதான். அதற்கப்பால் திருவதிகை. திருநாவுக்கரசர் கையால் உழவாரத் தொண்டு செய்த பதியைக் காலால் மிதித்தற்கு அஞ்சிய சுந்தரர், ஊர்ப்புறத்துச் சித்தவட மடத்தில் தங்கினார். அவ்விரவில் பெருமான் முதியவராய் வந்து அவர் முடிமேல் திருவடி சூட்டியருளினார். அப்போது எழுந்தது கொல்லிக்கௌவாணப் பதிகம். திருவாமாத்தூர்ப் பதிகமும் அப்பண்ணினதே. ஆகவே இந்த ஒரு நாள் வலத்துள் அவருடைய ஐந்து தலங்களும் நான்கு பண்களும் அடங்குகின்றன. இந்தளத்தை மாயாமாளவகௌளையிலும், தக்கராகத்தைக் காம்போதியிலும், நட்டராகத்தைப் பந்துவராளியிலும், கொல்லிக்கௌவாணத்தை நவரோசிலும் பாடுதல் ஓதுவார் மரபு.

இப்பண்கள் நமக்கு எளிதிற் கிடைத்தன அல்ல. ஏடுகள் தில்லையில் பூட்டிய அறையுட் செல்லரித்துக் கிடந்தமையும், நம்பியாண்டார் நம்பியின் துணையால் எஞ்சியவை மீட்கப்பெற்றமையும், பண்முறை மறைந்திருந்தபோது, திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவர் அதனை வகுத்துக் கொடுத்தமையும் திருமுறைகண்ட புராணத்தால் அறியப்படும். ஏடு அழிந்தபோது இசையைக் காத்தது ஒரு குடும்பத்தின் மிடறு. முதலாம் இராசராசன் இதனை நன்குணர்ந்தவன் போலும். தஞ்சைப் பெருங்கோயிலைக் கல்லால் உயர்த்தியதோடு அமையாது, திருப்பதியம் விண்ணப்பம் செய்வார் 48 பேரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிப்பார் இருவரையும் அமர்த்தி, ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் அளந்தான்.

கோபுரத்தில் செடி முளைத்தால் களையலாம். மருந்து கரைந்தால் மீண்டும் சாத்தலாம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்காட்டுதலும் நம்மிடையே உள்ள வழக்கம். பாட்டுக்கு அத்தகைய தவணை இல்லை. ஒரு தலைமுறை கற்பிக்கத் தவறின், அடுத்த தலைமுறை கேட்டற்கு ஒன்றும் இராது. கற்றளிக்குப் பொருள் வழங்கும் செல்வர்கள், அக்கற்றளிக்கு முன்னரே அவ்விடத்தில் நின்ற பாட்டிற்கும் ஒரு பங்கு ஒதுக்குதல் கடனாகும். ஓதுவார் ஒருவர்க்கு நிலையான படியும், அவரிடம் பயிலும் சிறார் இருவர்க்கு உணவும் உடையும் அமைத்தல், எக்கோயிலிலும் தொடங்கக்கூடிய அறமே. நம்பியாரூரர் நாட்டை வலம் வருவோர் ஐந்து தலத்திலும் அந்தந்தப் பதிகத்தை ஓதுவார் வாயிலாகக் கேட்டு, இயலாதவிடத்துத் தாமே ஓதி வழிபடுவாராக. ஆடிச் சுவாதித் திருநாளில் அவ்வாறு செய்தல் மிகவும் சிறப்பு. கண்ணிலார் பதினாறு பேரைக் கைப்பிடித்துச் சந்நிதிக்கு அழைத்து வந்த இருவரது பெயர் உலகில் விளங்காவிடினும், அவர்கள் செய்தது பெருந்தொண்டே. பாட்டை அடுத்த தலைமுறைக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்வோர் யாவரும் அவ்விருவர் வழியில் நிற்பவராவர்.