வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ் (2005): அச்சக் காட்சிகளும் வயதுச் சான்றும்

வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ் என்பது ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கத்தில் 2005 ஆம் ஆண்டு சூன் மாதம் வெளியான அமெரிக்க அறிவியல் புனைவுத் திரைப்படம் ஆகும். வேற்றுலகவாசிகள் பூமியைத் தாக்கும்போது, துறைமுகப் பாரந்தூக்கி இயக்குநர் ஒருவர் தம் இரு பிள்ளைகளுடன் உயிர் தப்ப ஓடுவதே கதை. இப்படத்தில் பார்ப்போர் மனத்தை, குறிப்பாகக் குழந்தைகளின் மனத்தை, கலங்கச் செய்யும் காட்சிகள் பல உள்ளன. அவற்றின் வேர் கற்பனையில் மட்டும் இல்லை; அண்மைக்கால வரலாற்றிலும் இருக்கிறது.

காலந்தோறும் மாறிய அச்சம்

எச். ஜி. வெல்ஸ் எழுதிய மூலப் புதினம் 1898 இல் நூலாக வெளிவந்தது. ஐரோப்பியக் குடியேறிகளால் தாசுமேனியப் பழங்குடிகள் அடைந்த அழிவை வெல்ஸ் அதன் தொடக்கத்திலேயே நினைவூட்டுகிறார். பிறரை அடிமைகொண்ட பேரரசு, தானே தாக்கப்பட்டால் என்னாகும் என்பது அவர் எழுப்பிய கேள்வி.

1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் இக்கதையைச் செய்தி அறிக்கை போன்ற வானொலி நாடகமாக ஒலிபரப்பினார். ஐரோப்பாவில் போர் மூளுமோ என்று மக்கள் அஞ்சியிருந்த காலம் அது. நேயர்களில் சிலர் நாடகத்தை உண்மையென்று நம்பிக் கலங்கினர். ஆயினும் நாடே பீதியில் ஓடியது என்ற செய்தி, நாளிதழ்களால் மிகைப்படுத்தப்பட்டது என்பதே இன்றைய ஆய்வாளர் பலரின் கருத்து. 1953 இல் வந்த திரைப்படத்தில் அணுகுண்டும் பயனற்றுப் போகிறது. அது பனிப்போர்க் காலத்தின் அச்சம்.

2005 ஆம் ஆண்டுப் படத்தின் காட்சிகள்

ஸ்பீல்பெர்க்கின் படம் நியூயார்க் துறைமுகத்தை ஒட்டிய நியூ செர்சி மாநிலத்தின் பேயோன் நகரில் தொடங்குகிறது. 2001 செப்டம்பர் 11 அன்று தகர்க்கப்பட்ட இரட்டைக் கோபுரங்கள் நின்ற மன்காட்டன், நீருக்கு அக்கரையில் உள்ளது. கதிர் பட்ட மனிதர்கள் சாம்பலாகின்றனர்; அவர்களின் வெற்று ஆடைகள் காற்றில் மிதக்கின்றன. நாயகன் உடலெங்கும் சாம்பல் படிந்து வீடு திரும்புகிறான். காணாமற்போனோரின் படங்கள் சுவரில் ஒட்டப்பட்டுள்ளன. தாக்குவது பயங்கரவாதிகளா என்று சிறுமி அலறிக் கேட்கிறாள். ஏறத்தாழ 3,000 பேர் இறந்த அந்த நாளையும் அதற்கடுத்த வாரங்களையும் அமெரிக்கப் பார்வையாளர்கள் இங்கே அடையாளம் கண்டுகொண்டனர்.

வேறு சில காட்சிகளில் வேற்றுலகவாசிகள் அல்ல, மனிதர்களே அச்சமூட்டுகின்றனர். ஒரு மகிழுந்துக்காகக் கூட்டம் வெறிகொள்கிறது. ஆற்றில் பிணங்கள் மிதந்து வருவதைச் சிறுமி தனியே நின்று பார்க்கிறாள். பின்னர் தந்தை அவள் கண்ணைக் கட்டி, காதைப் பொத்திக்கொண்டு பாடச் சொல்லிவிட்டு, கதவுக்கு அப்பால் ஒருவனைக் கொல்கிறான். கொலை திரையில் காட்டப்படுவதில்லை; சிறுமியின் முகமே காட்டப்படுகிறது.

வயதுச் சான்று

இப்படத்துக்கு அமெரிக்காவில் பிஜி-13 சான்று வழங்கப்பட்டது. 13 வயதுக்குக் குறைந்தோருக்குச் சில பகுதிகள் ஏற்றவையாக இல்லாமல் இருக்கலாம் என்று பெற்றோரை எச்சரிப்பது அதன் பொருள். அது தடை அன்று. இச்சான்று உருவாகக் காரணமானவர்களுள் ஸ்பீல்பெர்க்கும் ஒருவர். 1984 இல் அவர் இயக்கிய இந்தியானா ஜோன்ஸ் படத்தில் மனிதனின் இதயத்தைப் பிடுங்கும் காட்சி, குழந்தைகளுக்கு ஏற்றதா என்ற கண்டனம் எழுந்தது. பிஜிக்கும் ஆர் சான்றுக்கும் இடையில் ஒரு படிநிலை வேண்டும் என்று அவரே பரிந்துரைத்தார். அவ்வாண்டு சூலை முதல் பிஜி-13 நடைமுறைக்கு வந்தது.

வன்முறையும் மனத்தைக் கலங்கச் செய்யும் காட்சிகளும் உண்டு என்பதை இத்தகைய சான்று தெரிவிக்கிறது. ஒரு காட்சி யாருடைய எந்த நினைவைத் தொடும் என்பதை எந்தச் சான்றும் சொல்ல இயலாது. பேரிடரையோ போரையோ இழப்பையோ நேரில் கண்ட குழந்தைக்கு, இப்படத்தின் முக்கால் இயந்திரங்களைவிடச் சுவரில் ஒட்டிய ஒரு நிழற்படமே அதிகம் வலிக்கக்கூடும். அதை முன்கூட்டி அறியக்கூடியவர்கள் அக்குழந்தையை அறிந்த பெரியவர்களே.