வேலையிழப்புக் காப்பீடு (அமெரிக்கா)

தன் தவறின்றி வேலை இழந்தவருக்கு, அடுத்த வேலை தேடும் காலத்தில், குறிப்பிட்ட வாரங்கள்வரை தரப்படும் உதவித்தொகை. 1932இல் விஸ்கான்சின் மாநிலம் முதல் சட்டம் இயற்றியது. 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இதை நாடெங்கும் பரப்பியது. செலவுக்கான வரியை முதலாளிகளே கட்டுகின்றனர். அலாஸ்கா, நியூ ஜெர்சி, பென்சில்வேனியாவில் மட்டும் தொழிலாளரிடமும் பிடித்தம் உண்டு.

கூட்டரசு பொது விதிகளை வகுக்க, தொகையையும் கால அளவையும் மாநிலங்களே முடிவு செய்கின்றன. ஏற்றத்தாழ்வு தொடங்குவது இங்கேதான். பல மாநிலங்களில் அதிகபட்சம் 26 வாரங்கள். புளோரிடாவில் வேலையின்மை விகிதம் குறைவாக உள்ளபோது 12 வாரங்களே. அங்கு வார உச்சவரம்பு 275 டாலர், 1998 முதல் பல்லாண்டுகளாக உயரவே இல்லை. வாஷிங்டன் மாநிலத்திலோ அது 1,000 டாலரைத் தாண்டுகிறது. ஒரே வேலையை ஒரே சம்பளத்தில் பார்த்த இருவருக்கு, வேலை பார்த்த மாநிலத்தால் இவ்வளவு வேறுபாடு வருவது நியாயமல்ல.

தகுதி பெரும்பாலும் கடைசியாக முடிந்த ஐந்து காலாண்டுகளில் முதல் நான்கின் ஊதியத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆகவே அண்மையில் வேலையில் சேர்ந்தவரின் புதிய சம்பளம் கணக்கில் வராமலே போகலாம். பெரும்பாலான மாநிலங்கள் இதற்கு மாற்றுக் கணக்கு முறை வைத்துள்ளன. பெறுபவர் ஒவ்வொரு வாரத்துக்கும் வேலை தேடியதை உறுதிப்படுத்த வேண்டும். தவறினால் அந்த வாரத் தொகை நிற்கும்.