பழஞ்சேலையின் மறுவாழ்வு: மும்பைத் தமிழர் புழங்குசொல் வழி ஒரு நோக்கு

மும்பையின் துணி வரலாறு, 1854இல் நிறுவப்பெற்ற முதல் பருத்தி ஆலை தொடங்கி 1982ஆம் ஆண்டின் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வரை, ஆலையை மையமிட்டே பெரிதும் எழுதப்பெற்றுள்ளது. துணி நைந்தபின் வீட்டில் அது பெற்ற மறுவாழ்வு அவ்வரலாற்றில் அரிதாகவே பேசப்படுகிறது.

அம்மறுவாழ்வைப் புழங்குசொற்கள் காத்து நிற்கின்றன. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தாராவியில் குடியேறிய தமிழர் வழக்கில், நைந்த நூற்சேலை முழுமையாக இருப்பின் தூளியாகும். கிழித்துச் சுருட்டினால் சும்மாடாகும். எஞ்சிய துண்டு அடுப்படிக் கரித்துணியாகும். ஒரே சேலை நிலைதோறும் தனிப்பெயர் பெறுதல் எண்ணத்தக்கது.

அண்டையிலிருந்த மராத்தியப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, இழையோட்டித் தைத்துக் 'கோதடி' என்னும் போர்வையாக்கினர். குசராத்தைச் சேர்ந்த வாகரிப் பெண்களோ தெருத்தெருவாகச் சென்று, பாத்திரம் கொடுத்துப் பழந்துணி பெற்று, அதனை மறுவிற்பனைக்கு அனுப்பினர். இவ்வாறு பழந்துணி பெண்கள் கைக்குள் புழங்கிய சிறுசெல்வமாயிற்று.

செயற்கையிழைச் சேலை நூற்சேலையைப் போல் நீரை உறிஞ்சாது. ஆதலின் கரித்துணிக்கு உதவாது. பொருள் மாறும்போது சொல்லும் வழக்கொழியும். எனவே இச்சொற்களைத் தொகுத்தல் அகராதிப் பணி மட்டுமன்று. ஆலைக் கணக்கில் ஏறாத பெண்களின் உழைப்பை வரலாற்றில் பதிவுசெய்யும் பணியுமாகும்.